ஒரு கேட்டுக்கு எத்தனை பேர்?

ஒரு வாசலில் இரவும் பகலும் ஒரு காவலர் நிற்க வேண்டும். அதற்கு எத்தனை பேர் தேவை? தஞ்சாவூரில் கல்லூரி நடத்துகிறவர்களிடம், ஆஸ்பத்திரி நிர்வாகிகளிடம், அபார்ட்மெண்ட் சங்கத்துக்காரர்களிடம் இதைக் கேட்டிருக்கிறேன். எல்லோரும் யோசிக்காமல் சொல்கிற பதில் ஒன்றுதான்: இரண்டு பேர். பகலுக்கு ஒருத்தர், ராத்திரிக்கு ஒருத்தர்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். வாரத்துக்கு 168 மணி நேரம். ஒரு தொழிலாளிக்குச் சட்டம் சொல்லும் வேலைநேரம் வாரத்துக்கு 48. வகுத்தால் மூன்றரை வருகிறது. தமிழ்நாட்டில் தேசிய விடுமுறையும் பண்டிகை விடுமுறையும் சேர்ந்து ஆண்டுக்கு 9 நாள். அதற்கு மேல் காய்ச்சல், கல்யாணம், கருமாதி எல்லாம் மனுஷனுக்கு உண்டு. ஆக, ஒரு கேட்டுக்கு ஏறக்குறைய நாலு பேர். நாலு பேர் பார்க்க வேண்டியதை இரண்டு பேரை வைத்துப் பார்ப்பதன் மேல்தான் இந்தத் தொழிலே நிற்கிறது. மீதி இரண்டு பேரின் இடத்தை யார், எப்படி நிரப்புகிறார்கள் என்று வெளியில் இருப்பவர்களுக்குத் தெரிய வேண்டும். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

நான் பட்டாளத்திலிருந்து ஹவில்தாராக ஓய்வு பெற்று ஊருக்கு வந்தவன். இப்போது தஞ்சாவூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் செக்யூரிட்டி சூப்பர்வைசர். எனக்குச் சம்பளம் கொடுப்பது ஏஜென்சி. வேலை சொல்வது ஆஸ்பத்திரி. எங்கள் ஆட்களில் பெரும்பாலோர் ஒரத்தநாடு, பாபநாசம், வல்லம், அம்மாப்பேட்டைப் பக்கத்துக் கிராமத்துக்காரர்கள். சிலருக்கு ஒரு மா, இரண்டு மா நிலம் இருக்கிறது. பலருக்கு அதுவும் இல்லை. திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்த்துவிட்டு உடம்பு ஒத்துழைக்காமல் திரும்பியவர்கள் உண்டு. வளைகுடாவுக்குப் போய் வந்தவர்கள் உண்டு. ஐம்பதைத் தாண்டியவர்கள்தான் அதிகம். காலை எட்டுக்கு ஒரு ஷிப்ட், இரவு எட்டுக்கு ஒரு ஷிப்ட். பன்னிரண்டு மணி நேரம், மாதம் முப்பது நாள் என்றால் 360 மணி நேரம். எட்டு மணி நேரக் கணக்கில் இருபத்தாறு நாள் வேலை பார்க்கிறவருக்கு அது 208 தான்.

2023 ஏப்ரலில் தொழிற்சாலைகளில் பன்னிரண்டு மணி நேர வேலைக்கு வழி செய்யும் திருத்த மசோதா சட்டசபையில் நிறைவேறியபோது ஊரே பேசியது. தொழிற்சங்கங்கள் எதிர்த்தன, கூட்டணிக் கட்சிகளும் எதிர்த்தன. மே தினத்தன்று அதைத் திரும்பப் பெறுவதாக முதலமைச்சர் அறிவித்தார். அன்று டே டூட்டியில் கேட்டில் நின்றவர் என்னிடம் கேட்டார்: "அப்ப நமக்கும் எட்டு மணி நேரம் ஆயிடுமா சார்?" அவருக்கு நான் என்ன சொல்ல முடியும்? சட்டப்படி அவர் வேலையும் எட்டு மணி நேரம்தான். அதற்கு மேல் பார்த்தால் இரட்டிப்புச் சம்பளம் தர வேண்டும். கணக்குச் சீட்டில் அந்த இரட்டிப்பை நான் பார்த்ததே கிடையாது.

எங்கள் தொழிலுக்கென்று தனிச் சட்டமே இருக்கிறது. தனியார் பாதுகாப்பு முகமைகளை ஒழுங்குபடுத்தும் 2005ஆம் ஆண்டுச் சட்டம். சூப்பர்வைசரை எடுக்கும்போது ராணுவம், போலீஸ், ஊர்க்காவல் படை போன்றவற்றில் மூன்று ஆண்டாவது இருந்தவருக்கு முன்னுரிமை தர வேண்டும் என்று அதில் இருக்கிறது. எனக்கு இந்த வேலை கிடைத்ததும் அப்படித்தான். அதற்கு 2006இல் மத்திய அரசு வகுத்த மாதிரி விதிகள் இன்னும் விவரமாகப் பேசின. பதினைந்து காவலர்களுக்கு மேல் ஒரு சூப்பர்வைசர் பார்க்கக் கூடாது. ஆட்கள் தனித்தனி இடங்களில் நின்று ஒருவரால் சுற்றி வர முடியாதென்றால் ஆறு பேருக்கு ஒருவர் வேண்டும். காவலருக்கு வகுப்பறையில் 100 மணி நேரமும் களத்தில் 60 மணி நேரமும் பயிற்சி, குறைந்தது 20 வேலைநாளில். ஆணுக்கு உயரம் 160 சென்டிமீட்டர். ஒரு கிலோமீட்டரை ஆறு நிமிடத்தில் ஓட வேண்டும்.

நல்ல விதிகள். எழுதியவர்களுக்கு வேலை தெரிந்திருக்கிறது. ஆனால் நான் பார்த்த இடங்களில் புதிதாக வருகிறவர் முதல் நாளே பாயிண்டில், அதாவது காவல் நிற்கும் இடத்தில், நிற்கிறார். 160 மணி நேரத்தில் தெரிந்துகொள்ள வேண்டியதை நான் அவர் பக்கத்தில் நின்று, வண்டிகளுக்கு நடுவே, துண்டு துண்டாகச் சொல்லித் தருகிறேன். தீயணைப்பானின் பின்னை எப்படி உருவுவது, குழாயைத் தீயின் அடியைப் பார்த்து ஏன் பிடிக்க வேண்டும், ஓ.பி. புக் என்கிற சம்பவக் குறிப்பு நோட்டில் ஒரு சம்பவத்தை அபிப்பிராயம் கலக்காமல் எப்படி எழுதுவது, ஆம்புலன்ஸ் வரும்போது எந்த வண்டியை முதலில் நகர்த்துவது. எல்லாவற்றையும்விடக் கஷ்டமானது, ஒருத்தரை உள்ளே விட முடியாது என்று அவர் மனம் நோகாமல் சொல்வது. அதற்கு எந்த வகுப்பறையும் போதாது.

வெளியூர்க்காரர்களுக்கு இன்னொரு விஷயம் தெரியாது. எங்கள் டூட்டி சார்ட் மேட்டூர் அணையைப் பொறுத்தது. ஜூன் 12 அன்று தண்ணீர் திறந்துவிட்டால் குறுவை நடவுக்கு ஆள் தேவை. ஐப்பசி, கார்த்திகையில் அடைமழை. சம்பா வயலில் தண்ணீர் நின்றால் வடிய வைக்க வீட்டு ஆண் போய்த்தான் ஆக வேண்டும். தையில் சம்பா அறுவடை. இயந்திரம் அறுத்தாலும் நெல்லைக் கொள்முதல் நிலையத்துக்குக் கொண்டுபோய், ஈரப்பதம் பார்த்து, 40 கிலோ மூட்டையாகப் பிடித்து எடை போடும் வரை அங்கேதான் கிடக்க வேண்டும். எங்கள் ஆள் ஒருவரின் அண்ணன் அப்படி ஒரு நிலையத்தில் பருவகாலக் காவலர். மழை இருட்டினால் தார்ப்பாயை இழுத்துக் கட்டிக்கொண்டு மூட்டைகளோடு மூட்டையாக நிற்பவர். தம்பி இங்கே ஆஸ்பத்திரி கேட்டில். இரண்டு பேருக்கும் அறுவடை நேரத்தில் சேர்ந்தாற்போல் லீவு கிடைத்ததாக நினைவில்லை.

இரவு ஏழே முக்காலுக்கு என் போன் அடித்தால் என்ன செய்தி என்று எடுக்காமலே தெரியும். "சார், மிசினு இப்பத்தான் நம்ம வயலுக்கு வந்துருக்கு. இன்னைக்கி ஒரு நாள் பாத்துக்குங்க சார்." அந்த மனிதர் பொய் சொல்லவில்லை. நெல் அறுக்கும் இயந்திரம் கிடைக்கிற நேரத்தை விட்டால் மறுபடி எப்போது வருமோ. ஆனால் கால் மணி நேரத்தில் கேஷுவாலிட்டி என்கிற அவசர சிகிச்சைப் பிரிவு வாசலில் ஆள் இருக்காது. பகலில் நின்றவர் சாப்பாட்டுப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, விசில் கயிற்றைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு என் முகத்தைப் பார்ப்பார். அவரும் புரிந்துகொண்டுவிடுவார். நான் கேட்கும் முன்பே, "டபுளா சார்?" என்பார். பையைத் திரும்பவும் ஆணியில் மாட்டுவார். வீட்டுக்குப் போன் போட்டு, "நான் நாளைக்கித்தான் வருவேன்" என்பார். அந்தப் பக்கம் என்ன சொல்கிறார்கள் என்று நான் காதில் வாங்காத மாதிரி தள்ளிப் போய்விடுவேன்.

ரிலீவர், அதாவது மாற்றாள், என்று ஒருத்தர் இருந்தால் இது நடக்காது. ரிலீவருக்குச் சம்பளம் வேண்டும், அதை யாராவது பில்லில் போட வேண்டும். பில் எப்படிப் போகிறது தெரியுமா? ஒரு தலைக்கு இவ்வளவு சம்பளம், பி.எஃப்., இ.எஸ்.ஐ., சர்வீஸ் சார்ஜ், அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி. நிர்வாகம் கடைசித் தொகையைப் பார்க்கிறது. மூன்று ஏஜென்சி விலை கொடுத்தால் குறைந்த தொகைக்காரருக்குப் போகிறது. ரிலீவரைச் சேர்த்து நேர்மையாக விலை சொன்ன ஏஜென்சி அந்த இடத்திலேயே தோற்றுவிடுகிறது. ஜெயித்தவர் எங்கே மிச்சம் பிடிப்பார்? ஆளில்தான். ஓவர்டைமில்தான். யூனிஃபார்மையும் ஷூவையும் காவலர் சம்பளத்தில் தவணையாகப் பிடிப்பதில்தான்.

இதில் சூப்பர்வைசர் எங்கே வருகிறார்? மஸ்டரில், அதாவது வருகைப் பதிவேட்டில், கையெழுத்துப் போடுகிறவர் அவர்தான். ஒரு பாயிண்ட் காலியாக இருந்தால் ஆஸ்பத்திரி பில்லில் பிடித்துக்கொள்ளும், பல ஒப்பந்தங்களில் அபராதமும் உண்டு. அதனால் ஏஜென்சியின் ஃபீல்டு ஆபீசர் போனில் சொல்வார்: "வந்ததா எழுதிக்குங்க, காலையில பாத்துக்கலாம்." வராதவரை வந்ததாக எழுதுவது இந்தத் தொழிலில் ரொம்பப் பேருக்குப் பழகிப்போன விஷயம். தாளில் ஆள் இருப்பார். கேட்டில் இருக்க மாட்டார். அன்று ஏதாவது நடந்துவிட்டால், அந்த மஸ்டரைத்தான் போலீஸ் முதலில் கேட்கும். அதில் கையெழுத்து ஃபீல்டு ஆபீசருடையதாக இருக்காது. நான் எழுத மாட்டேன் என்று முதல் மாதமே சொல்லிவிட்டேன். அதனால் என்னைப் பிடிக்காதவர்கள் உண்டு. மாற்றல் கொடுப்பதாக மிரட்டலும் வந்தது. பட்டாளத்தில் சென்ட்ரி ரிஜிஸ்டரில் கை வைக்கக் கூடாது என்று கற்றவனுக்கு இதை மாற்றிக்கொள்ள வயது இல்லை.

தூக்கத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். வாட்ஸ்அப்பில் அடிக்கடி வரும் படம் அதுதான்: நாற்காலியில் வாய் திறந்து தூங்கும் செக்யூரிட்டி. பார்க்கிறவர்களுக்குச் சிரிப்பு. எனக்கு அந்தப் படத்தில் தெரிவது ஒரு டூட்டி சார்ட்.

ஒரு தை மாதம், விடிகாலை மூன்று மணி வாக்கில் ரவுண்ட்ஸ் போனேன். பனி இறங்கிக்கொண்டிருந்தது. பின்பக்கம் ஆக்சிஜன் டேங்க் இருக்கும் கம்பி வேலிக்குப் பக்கத்தில் எங்கள் பெரியவர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். அறுபதுக்கு மேல் வயது. தலையில் மஃப்ளரைச் சுற்றி, டார்ச்சை இரண்டு தொடைக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, முகவாய் நெஞ்சில் விழத் தூங்கிக்கொண்டிருந்தார். டார்ச் எரிந்துகொண்டே இருந்தது. ஷூவின் லேஸைத் தளர்த்தியிருந்தார். அதற்கு மேலே கணுக்கால் வீங்கிப் பளபளவென்று இருந்தது. சர்க்கரைக்காரர். "அண்ணே" என்று தோளைத் தொட்டேன். திடுக்கிட்டு எழுந்து சல்யூட் வைக்கப் பார்த்தார். கால் மரத்துப்போய்த் தடுமாறினார். "மன்னிச்சிருங்க சார், கண்ணை அசத்திடுச்சு" என்றார். அவர் முந்தின நாள் காலை எட்டு மணிக்கு டூட்டிக்கு வந்தவர்.

ஓ.பி. புக்கில் எழுதியாக வேண்டும். எழுதினேன். நேரம், இடம், தூங்கிக்கொண்டிருந்தது எல்லாம். அதற்குக் கீழே, தொடர்ந்து எத்தனை மணி நேரமாக அவர் டூட்டியில் இருக்கிறார் என்பதையும், ரிலீவர் கேட்டு யாருக்கு எத்தனை மணிக்குப் போன் செய்தேன் என்பதையும் எழுதினேன். அன்றிலிருந்து எந்தக் காவலர் மேல் எந்தக் குறை எழுதினாலும் பக்கத்தில் மணிக்கணக்கு எழுதுகிறேன். அந்தக் கடைசி வரியை எடுத்துவிடச் சொல்லி ஏஜென்சியிலிருந்து வந்தார்கள். எடுக்கவில்லை. சூப்பர்வைசராக இருக்கும் நண்பர்களுக்கு நான் சொல்வது இதுதான்: நம் கையில் சம்பளத்தை உயர்த்தும் அதிகாரம் இல்லை, ஆள் எடுக்கும் அதிகாரம் இல்லை. நம்மிடம் இருப்பது அந்த நோட்டு. அதில் உண்மையின் பாதியை மட்டும் எழுதினால், அந்தப் பாதி ஒரு ஏழையின் வேலையைத் தின்றுவிடும்.

கேஷுவாலிட்டி வாசலைப் பற்றி ஒரு புத்தகமே எழுதலாம். டெல்டாவில் ஒருத்தருக்கு அடிபட்டால் ஒரு ஊரே கிளம்பி வரும். பாம்புக்கடி, பைக் விபத்து, பூச்சிமருந்து. டாடா ஏஸில் இருபது பேர் வந்து இறங்குவார்கள். உள்ளே ஒருத்தர் அல்லது இரண்டு பேரைத்தான் விடலாம். வாசலில் 2008ஆம் ஆண்டு மருத்துவமனைப் பாதுகாப்புச் சட்டத்தைப் பற்றிய பலகை இருக்கிறது. மருத்துவப் பணியாளர்களைத் தாக்கினால் சிறை என்று. அந்த நேரத்தில் யார் படிப்பார்கள்? 2024 நவம்பர் 13 அன்று சென்னை கிண்டி அரசு மருத்துவமனையில் ஒரு மருத்துவரைக் கத்தியால் குத்திய பிறகு எல்லா ஆஸ்பத்திரிகளிலும் கூட்டம் போட்டுப் பேசினார்கள். எங்களுக்கும் கையில் பிடிக்கும் மெட்டல் டிடெக்டர் வந்தது. நல்லதுதான். ஆனால் அதைப் பிடிக்கக் கூடுதலாக ஒரு ஆள் வரவில்லை.

அந்த வாசலில் கூட்டத்தை நிறுத்துவது லத்தியும் இல்லை, டிடெக்டரும் இல்லை. போன வருஷம் ஒரு சாயங்காலம், கல்லூரியில் படிக்கும் பையன் விபத்தில் வந்து சேர்ந்த கொஞ்ச நேரத்தில் இறந்துபோனான். செய்தி வெளியே வந்ததும் அவன் சித்தப்பா கண்ணாடிக் கதவை நோக்கிப் பாய்ந்தார். பின்னாலேயே பத்துப் பேர். கதவில் நின்ற எங்கள் ஆள் குறுக்கே கை நீட்டவில்லை. அவர் தோளைப் பிடித்துத் தன் பக்கம் சாய்த்துக்கொண்டு, "மாமா, நான் பக்கத்தூருதான், வடசேரிப் பக்கம். இப்படி வாங்க மாமா, அக்காவப் பாருங்க, அவுங்கள யாரு புடிக்கிறது?" என்றார். பையனின் அம்மா தரையில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டிருந்தார். சித்தப்பா திரும்பினார். அதோடு வேகம் போய்விட்டது. நான் போய்ச் சேர்வதற்குள் எங்கள் ஆள் தண்ணீர் பாட்டிலைத் திறந்து அந்த அம்மா கையில் கொடுத்துக்கொண்டிருந்தார். அன்றைக்குக் கண்ணாடி உடையவில்லை, டாக்டர் மேல் கை விழவில்லை. மாத ரிப்போர்ட்டில் அந்த நாளுக்கு எதிரே இருப்பது "அசம்பாவிதம் இல்லை". இப்படி வேலை பார்க்கிறவரின் கைக்கு, பிடித்தம் போகப் பதினோராயிரம், பன்னிரண்டாயிரம் வருகிறது.

ஆள் குறைந்தால் முதலில் என்ன நடக்கிறது என்று யாராவது கேட்டால் என் பதில்: பின்வாசல் பூட்டப்படும். இரண்டு வழி இருக்கிறது, ஒரு ஆள்தான் இருக்கிறார் என்றால் எல்லோருக்கும் தோன்றும் சுலபமான யோசனை ஒரு வழியைப் பூட்டுவது. நிர்வாகத்தில் சொல்வார்கள், வார்டில் சொல்வார்கள், ஏன், காவலரே சொல்வார். திருட்டும் குறையும், பாஸ் இல்லாமல் ஏறுகிறவர்களும் குறைவார்கள். ஆனால் இது காவிரிக்கரை. 1997 ஜூன் 7 அன்று தஞ்சைப் பெரிய கோயில் குடமுழுக்கு நேரத்தில் யாகசாலைப் பந்தலில் தீப்பிடித்து, நெரிசலிலும் தீயிலும் 48 பேர் செத்தார்கள். 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் பள்ளிக்கூடத்துக் கூரையில் தீப்பிடித்து 94 குழந்தைகள். மாடியிலிருந்து இறங்க வழி கிடைக்காத குழந்தைகள். இந்த இரண்டு தேதியையும் தெரிந்த ஊரில் உட்கார்ந்துகொண்டு அவசரப் படிக்கட்டுக்குப் பூட்டுப் போடச் சொன்னால் நான் எப்படிச் சம்மதிப்பேன்? எங்கள் பின்படிக்கட்டுக் கதவில் பூட்டு கிடையாது. உள்ளிருந்து தள்ளினால் திறக்கும் கம்பி. தினமும் காலையில் நானே தள்ளிப் பார்க்கிறேன். அந்தக் கதவுக்கு ஆள் இல்லாத நாளில் என் டூட்டி அந்தப் படிக்கட்டுதான். அன்று சூப்பர்வைசர் வேலையை நடந்துகொண்டே போனில் பார்க்கிறேன்.

பெண் காவலர்களைப் பற்றி யாருமே பேசுவதில்லை. மகளிர் வார்டு, பிரசவ வார்டு, பெண்களைச் சோதிக்கும் இடம் எல்லாம் அவர்கள் பொறுப்பு. சாதாரண டவுன் பஸ்ஸில் 2021 மே மாதத்திலிருந்து பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்று ஆன பிறகுதான் கிராமத்திலிருந்து வேலைக்கு வருவது சிலருக்குக் கட்டுப்படியானது. அதை அவர்கள் வாயாலேயே கேட்டிருக்கிறேன். ஆனால் டூட்டி முடிவது இரவு எட்டுக்கு. ரிலீவர் அரை மணி தாமதமானால் அவர்கள் ஊருக்குப் போகும் கடைசி பஸ் போய்விடும். அதனால் பெண்கள் பாயிண்டை மட்டும் ஏழரைக்கே மாற்றிவிடுகிறேன். அந்த அரை மணி நேரத்தை நான் நிற்கிறேன், அல்லது டே டூட்டியில் பக்கத்தில் வீடு இருக்கும் ஒருவர் நிற்கிறார். இன்னொன்று, கழிப்பறை. பாயிண்டை விட்டுப் போக மாற்றாள் இல்லாததால் தண்ணீரே குடிக்காமல் பன்னிரண்டு மணி நேரம் நிற்கிறார்கள். நீர்க்கடுப்பு வந்து ஆஸ்பத்திரியிலேயே வேலை பார்த்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கே காசு கட்டி வைத்தியம் பார்த்தவர் எங்களிடம் இருக்கிறார். அவருக்கு இ.எஸ்.ஐ. பிடித்தம் மாதாமாதம் போயிருந்தது. அட்டை மட்டும் கைக்கு வரவில்லை.

நாற்காலிக்கும் இதே கதைதான். உட்கார்ந்தால் தூங்கிவிடுவார்கள் என்று ஒருமுறை எல்லா பாயிண்டிலும் நாற்காலியை எடுத்துவிட்டார்கள். 2021இல் தமிழ்நாடு அரசு கடைகள், நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி ஊழியர்கள் உட்கார வசதி தர வேண்டும் என்று கொண்டுவந்தது. துணிக்கடையில் நாளெல்லாம் நிற்கும் பெண்களை மனதில் வைத்து வந்த சட்டம். எங்களுக்கு அது நேரடியாகப் பொருந்துமா என்று நான் வாதாடப் போகவில்லை. அந்தச் செய்தியை நகல் எடுத்துக்கொண்டு நிர்வாக அதிகாரியிடம் போய், கடையில் நிற்கும் பிள்ளைக்கே உட்கார உரிமை உண்டென்றால் அறுபது வயதுக்காரருக்கு வேண்டாமா என்று கேட்டேன். அவர் நல்ல மனிதர். மறுநாள் நாற்காலிகள் திரும்பி வந்தன.

கஜா புயலை டெல்டாவில் யாரும் மறக்க மாட்டார்கள். 2018 நவம்பர் 16, நள்ளிரவுக்கு மேல் வேதாரண்யம் பக்கம் கரை ஏறி, பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாடு, மன்னார்குடி என்று தென்னந்தோப்புகளைச் சாய்த்துக்கொண்டு போனது. ராத்திரி டூட்டியில் இருந்தவர்கள் காலையில் வீட்டுக்குப் போக முடியவில்லை. காலை டூட்டிக்காரர்கள் வர முடியவில்லை. ரோடு முழுக்க மரம். டவர் இல்லை. கரண்ட் இல்லை. ஆஸ்பத்திரிக்குள் ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது, அடிபட்டவர்கள் வந்துகொண்டே இருந்தார்கள். எங்கள் ஆள் ஒருவர், ஒரத்தநாட்டுக்கு அந்தப் பக்கம் ஊர், ஓட்டு வீடு. மனைவியும் இரண்டு பெண் குழந்தைகளும் என்ன ஆனார்கள் என்று தெரியவில்லை. போக வேண்டும் என்று அவர் கேட்கவே இல்லை. வண்டிகளை ஒழுங்குபடுத்திக்கொண்டே அரை மணிக்கு ஒரு தரம் போனை எடுத்துப் பார்த்து உள்ளே வைத்தார். மத்தியானம் நான் அவர் தொப்பியை வாங்கிக்கொண்டு கேட்டில் நின்றேன். "போங்க, போய்ப் பாத்துட்டுச் சேதி சொல்லுங்க" என்றேன். பாதித் தூரம் ஒரு பால் வண்டியில், மீதி நடந்தே போயிருக்கிறார். ஓடெல்லாம் பறந்திருந்தது, குழந்தைகளைப் பள்ளிக்கூடத்தில் தங்க வைத்திருந்தார்கள். மறுநாள் சாயங்காலம் ஈரத் துணியோடு டூட்டிக்கு வந்து நின்றார். அந்த மாதச் சம்பளத்தில் அவருக்கு லீவு பிடித்தார்கள். பேசிப் பேசிப் பார்த்தேன், திருப்பித் தரவில்லை.

பெரிய கோயில் கல்வெட்டுகளில் திருமெய்காப்பு என்று ஒரு பணி வருகிறது, கோயில் காவல். எந்தெந்த ஊர்ச்சபை ஆள் அனுப்ப வேண்டும், அந்த ஆளுக்கு ஆண்டுக்கு எவ்வளவு நெல்லை அந்த ஊரே அளக்க வேண்டும் என்று ராஜராஜன் கல்லில் வெட்டி வைத்திருக்கிறான். ஞாயிற்றுக்கிழமைகளில் பேரனைக் கூட்டிக்கொண்டு போகும்போதெல்லாம் நான் அந்தச் சுவருக்குப் பக்கத்தில் கொஞ்ச நேரம் நிற்பேன். காவலுக்கு ஆள் வேண்டும் என்று சொன்னவன், கூடவே கூலி யார் தலையில் என்பதையும் சொல்லிவிட்டான். இன்றைய ஒப்பந்தங்களில் இல்லாதது அந்த இரண்டாவது வரிதான். ஒப்பந்தக்காரர் கூலி தராவிட்டால் வேலை வாங்குகிற நிறுவனமே தந்தாக வேண்டும் என்பது 1970ஆம் ஆண்டு ஒப்பந்தத் தொழிலாளர் சட்டத்திலேயே வந்துவிட்ட விதி. பெரிய நிறுவனங்களின் கணக்குப் பிரிவுகளுக்குக்கூட இதை நினைவுபடுத்த வேண்டியிருக்கிறது.

உங்களில் யாராவது கல்லூரி, ஆஸ்பத்திரி, கல்யாண மண்டபம், அபார்ட்மெண்ட் என்று எங்கேயாவது கமிட்டியில் இருந்தால், அடுத்த முறை ஏஜென்சி விலைப்புள்ளி கொடுக்கும்போது ரிலீவருக்கு எவ்வளவு போட்டிருக்கிறார்கள் என்று கேளுங்கள். அந்த வரியே இல்லையென்றால், அந்தக் குறைந்த விலை யார் தூக்கத்திலிருந்து வருகிறது என்று யோசியுங்கள். போன மாதம் பி.எஃப். கட்டிய சலானைக் கேளுங்கள். மஸ்டரைத் திறந்து, ஒரே பெயர் பகலிலும் ராத்திரியிலும் அடுத்தடுத்து வருகிறதா என்று பாருங்கள். பத்து நிமிட வேலை.

எங்கள் ஆஸ்பத்திரியில் ஒப்பந்தம் புதுப்பிக்கும்போது நான் ஒரு தாளில் கணக்கு எழுதிக் கொடுத்தேன். மெயின் கேட், கேஷுவாலிட்டி, ஐ.சி.யூ. வாசல் மூன்றுக்கும் எட்டு மணி நேர ஷிப்ட், ரிலீவரோடு சேர்த்து 11 பேர். அப்போது அந்த மூன்று இடத்துக்கும் இருந்தது 6 பேர். நிர்வாகம் கேஷுவாலிட்டிக்கு மட்டும் ஒப்புக்கொண்டது. போன தை அறுவடை முழுக்க அந்த வாசலில் யாரும் டபுள் பார்க்கவில்லை. அங்கே தூங்கியதாக நோட்டில் ஒரு வரி இல்லை. அந்தப் பக்கங்களை நகல் எடுத்து வைத்து, மெயின் கேட்டுக்கும் ஐ.சி.யூ.வுக்கும் மறுபடி எழுதிக் கொடுத்திருக்கிறேன். ஜூன் 12க்கு முன்னால் பதில் வேண்டும் என்று கேட்டிருக்கிறேன். நடவு தொடங்கிவிட்டால் புது ஆள் கிடைக்காது.